நெதர்லாந்தில் விலங்குக் கொழுப்பு வணிகமும் விலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன நாடு. இவ்வளவு பெரிய கொழுப்புச் சந்தை அங்கே எப்படி வந்தது?

மார்கரின் வழியாக. பிரான்ஸில் மேஜ்-மூரியே 1869-இல் மாட்டுக்கொழுப்பிலிருந்து மார்கரின் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். 1871-இல் ஓஸ் நகரத்து வெண்ணெய் வியாபாரிகளான யுர்கன்ஸ் குடும்பத்தார் அதை வாங்கித் தொழிலாக்கினார்கள். அதே ஊரின் வான் டென் பெர்க் குடும்பமும் போட்டிக்கு இறங்கியது. உள்ளூர்க் கொழுப்பு போதவில்லை. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் ஓலியோ எண்ணெய் (மாட்டுக்கொழுப்பிலிருந்து பிழிந்தெடுத்த மென்பகுதி) பீப்பாய் பீப்பாயாக ராட்டர்டாமில் வந்து இறங்கியது. இரு குடும்பங்களும் 1927-இல் ஒன்றாகி, 1930-இல் லீவர் நிறுவனத்தோடு இணைந்து யூனிலீவர் ஆயின.

பிறகு மார்கரினில் தாவர எண்ணெய் வந்து மாட்டுக்கொழுப்பை வெளியேற்றிவிட்டது. ஆனால் சூடேற்றும் தொட்டிகளும் தரகர்களும் ஆய்வகங்களும் படகுப் போக்குவரத்தும் ராட்டர்டாமிலேயே நிலைத்துவிட்டன. 2011-இல் நெஸ்டே நிறுவனம் மாஸ்ஃப்ளாக்டே துறைமுகப் பகுதியில் புதுப்பிக்கத்தக்க டீசல் ஆலையைத் திறந்தபின் கொழுப்பை அங்கே கொண்டுவர இன்னொரு பெரிய காரணமும் சேர்ந்தது.

ஒரே மாட்டின் கொழுப்புக்கு ஏன் நாலைந்து விலை?

விலையை முதலில் தீர்மானிப்பது அதன் சட்ட வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1069/2009 ஒழுங்குமுறையும், அதைச் செயல்படுத்தும் 142/2011-உம் மனித உணவுக்குப் போகாத விலங்குப் பொருள்களை மூன்றாகப் பிரிக்கின்றன.

1-ஆம் வகை ஆபத்து மிகுந்தது. 12 மாதம் தாண்டிய மாட்டின் மண்டை ஓடு, மூளை, கண், தண்டுவடம் இதில் அடங்கும். பைத்தியமாட்டு நோய் பரவக்கூடிய பாகங்கள் இவை. அவை அகற்றப்படாமல் செத்துக் கிடக்கும் மாடும் 1-ஆம் வகைதான். 2-ஆம் வகையில் பண்ணையில் செத்த பன்றி, கோழி முதலானவை வரும். 3-ஆம் வகை, உணவுக்குத் தகுதியான விலங்கிலிருந்து வந்து, வணிகக் காரணத்தால் உணவுக்குப் போகாத பகுதி. செல்லப்பிராணி உணவு, கால்நடைத் தீவனம், சோப்பு, கொழுப்பமில ஆலைகள் எல்லாம் இதை வாங்குகின்றன. இந்த மூன்றுக்கும் மேலே நிற்பது உண்ணத்தக்க கொழுப்பு. அதற்குச் சட்டமே வேறு: 853/2004.

இரண்டு வகை கலந்துவிட்டால், மொத்தமும் ஆபத்து கூடிய வகையாகவே கொள்ளப்படும். 24 டன் 3-ஆம் வகைக் கொழுப்பில் ஒரு வாளி 1-ஆம் வகை விழுந்தாலும் முழுத் தொட்டியும் 1-ஆம் வகை. கலந்ததைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

அப்படியென்றால் 1-ஆம் வகைதான் மலிவாக இருக்க வேண்டும். சில மாதங்களில் 3-ஆம் வகையைவிட ஏன் அதிகம் கேட்கிறார்கள்?

புதிதாக வருபவர்களைத் தடுமாற வைப்பது இதுதான். கொழுப்பின் சுத்தம் ஒரு விலையைத் தருகிறது. அதோடு வரும் காகிதம் இன்னொரு விலையைத் தருகிறது. இரண்டாவது பல நேரம் முதலாவதை விழுங்கிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தின் 9-ஆம் இணைப்பு, ‘ஆ’ பிரிவில் இரண்டே மூலப்பொருள்கள் நெடுங்காலம் இருந்தன: பயன்படுத்திய சமையல் எண்ணெய், 1-ஆம், 2-ஆம் வகை விலங்குக் கொழுப்பு. தீவனத்துக்கும் சோப்புக்கும் ஆகாத இந்தக் கழிவிலிருந்து செய்த எரிபொருளை, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்கில் இரட்டிப்பாகக் கணக்கிட நாடுகளுக்கு அனுமதி கிடைத்தது. 3-ஆம் வகைக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு வேறு நல்ல பயன்கள் இருக்கும்போது எரிக்க ஊக்கம் தரக்கூடாது என்பதே காரணம். நியாயமான காரணம்தான்.

நெதர்லாந்தில் இதைக் கணக்கிட்ட அலகு ஹெச்.பி.இ., அதாவது புதுப்பிக்கத்தக்க எரிபொருள் அலகு. எரிபொருள் நிறுவனங்கள் இலக்கை எட்ட இதை வாங்கி விற்றன. ஒரு கிகாஜூல் ஆற்றலுக்கு ஓர் அலகு. டச்சு உமிழ்வு ஆணையம் பதிவேட்டை நடத்தியது. பயோடீசல் ஒரு டன் 37 கிகாஜூல். 3-ஆம் வகையில் செய்தால் 37 அலகு, 1-ஆம் வகையில் செய்தால் 74 கிடைத்தது. கணக்குப் புரிவதற்காக ஓர் அலகு 10 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் டன்னுக்கு 370 யூரோ! வாங்கும் ஆலை அதில் ஒரு பங்கைக் கொழுப்பு விற்பவருக்கு விட்டுக்கொடுத்தாலே விலை தலைகீழாகிவிடும்.

இதற்கு எல்லையும் உண்டு. ‘ஆ’ பிரிவு எரிபொருள், போக்குவரத்து ஆற்றலில் 1.7 விழுக்காடு வரைதான் இலக்கில் சேரும். அந்த வரம்பு நிறைந்துவரும்போது 1-ஆம் வகையின் கூடுதல் விலை கரையும். 2023-இல் திருத்தப்பட்ட சட்டத்தையொட்டி, ஆற்றல் அலகுக்குப் பதிலாக உமிழ்வு எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடும் முறைக்கு மாறுவதே நெதர்லாந்து எடுத்த திசை. ஆகவே நீண்டகால ஒப்பந்தம் போடும்போது ‘சட்டம் மாறினால் விலை மறுபேச்சு’ என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

3-ஆம் வகையை 1-ஆம் வகை என்று எழுதிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அது மோசடி. வேண்டுமென்றே மாற்றப்பட்ட, மாசுபடுத்தப்பட்ட பொருள் ‘கழிவு’ ஆகாது என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. சான்றிதழ் ரத்தாகும், கணக்கில் ஏறிய அலகுகள் கேள்விக்குள்ளாகும். விலை குறைவாகக் கிடைத்தபோதும் நேர்மையாக உழைத்தவர்களின் சந்தையையும் இது கெடுக்கிறது.

எதிர்த்திசை மோசடி இன்னும் கொடியது. 1-ஆம் வகை தீவனத்துக்குள் நுழைந்தால் அது உயிரோடு விளையாடுவது. அதைத் தடுக்கத்தான் அடையாளப்பொருள் உண்டு: 1-ஆம், 2-ஆம் வகைக் கொழுப்பில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 250 மில்லிகிராம் கிளிசரால் டிரைஹெப்டனோயேட் சீராகக் கலந்திருக்க வேண்டும். மணமோ நிறமோ இல்லாத பொருள். சந்தேகப்பட்டால் ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்பாய்வு செய்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

விலையை யார் சொல்கிறார்கள்? எந்த விலையைப் பார்ப்பது?

சந்தைக்கூடம் எதுவும் இல்லை. ஆலையும் தரகரும் பேசி முடிப்பதுதான். ஆர்கஸ், ஃபாஸ்ட்மார்க்கெட்ஸ் போன்ற விலைச்செய்தி நிறுவனங்கள் அந்தப் பேரங்களைக் கேட்டுத் திரட்டி வெளியிடுகின்றன. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டன்னுக்கு யூரோவில்.

விலையைக் கேட்டதும் அடுத்த கேள்வி: எந்த இடத்தில்? ஆலை வாசலில் லாரியில் ஏற்றித் தரும் விலையா, உங்கள் தொட்டியில் இறக்கித் தரும் விலையா? சூடேற்றிய டேங்கர் வாடகை, கழுவும் செலவு, திரும்பும் காலி ஓட்டம் எல்லாம் இடையில் இருக்கின்றன. இடம் குறிப்பிடாத விலையை விலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அசைவுகளைக் கணிக்க மூன்றைக் கவனியுங்கள். மலேசியப் பாமாயில் விலை முதலாவது. சோப்பு, கொழுப்பமில ஆலைகள் மாட்டுக்கொழுப்புக்கும் பாம் ஸ்டியரினுக்கும் (பாமாயிலின் கெட்டிப் பகுதி) இடையே தாவிக்கொண்டே இருக்கும். டீசல் விலையும் அலகு விலையும் அடுத்தது. மூன்றாவது, அறுப்பு எண்ணிக்கை. கொழுப்பு விலை ஏறியதற்காக யாரும் கூடுதலாக மாடு அறுப்பதில்லை. இறைச்சிக்கு அறுத்தால் கொழுப்பு வரும், இல்லையேல் வராது. வரத்து வளையாததால்தான் விலை இவ்வளவு துள்ளுகிறது.

தரச் சான்றில் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

எஃப்.எஃப்.ஏ. முதலில். பிரிந்து நிற்கும் கொழுப்பமிலத்தின் விழுக்காடு இது. மூலப்பொருள் அழுகத் தொடங்கியபின் உருக்கியிருந்தாலும், உருக்கியபின் தண்ணீரோடு சூட்டில் வைத்திருந்தாலும் இது ஏறும். கோடையில் ஏறும், குளிரில் இறங்கும். கார வினையூக்கியில் ஓடும் பயோடீசல் ஆலைக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் போனால் சோப்பு நுரைத்துக் கிளிசரின் பிரியாது. முன்கூட்டி அமில வினை செய்யும் வசதியுள்ள ஆலை 15 விழுக்காட்டையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே நல்ல எண், கெட்ட எண் என்று பொதுவாக எதுவும் இல்லை. வாங்குபவரின் ஆலையைப் பொறுத்ததுதான்.

அடுத்து எம்.ஐ.யூ.: ஈரம், கரையாத அழுக்கு, சோப்பாகாத பொருள் மூன்றின் கூட்டுத்தொகை. இது கொழுப்பே அல்லாத எடை. கொழுப்பு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கக்கூடாது, அவ்வளவுதான். தீவனத்துக்குப் போகும் மாடு, ஆட்டுக் கொழுப்பில் கரையாத அழுக்கு 0.15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எலும்புத்தூளும் புரதத் துணுக்கும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

டைட்டர் என்பது பிரித்தெடுத்த கொழுப்பமிலம் உறையும் வெப்பநிலை. 40 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் டாலோ எனப்படும் கெட்டிக்கொழுப்பு, கீழே என்றால் மென்கொழுப்பு என்பது பழைய வணிக வழக்கம். மாட்டுக்கொழுப்பு என்று வாங்கியதில் டைட்டர் 37 வந்தால், பன்றியோ கோழியோ கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஹலால் சந்தைக்கு விற்பவருக்கு இந்த ஓர் எண் மிக முக்கியம். அப்போதும் இதை மட்டும் நம்பாமல் டி.என்.ஏ. சோதனையும் கேளுங்கள்.

நிறம் சோப்புக்காரருக்கு. கந்தகம், பாஸ்பரஸ், உலோகங்கள் எரிபொருள் ஆலைக்கு, ஏனென்றால் அவை ஹைட்ரஜன் வினையூக்கியைச் சாகடிக்கும்.

இரண்டு பேர் இரண்டு விலை சொல்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது?

தரத்தை விலைக்குள் கொண்டுவாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் கணக்குக்காக மட்டும்:

முதலாமவர்: 900 யூரோ, எஃப்.எஃப்.ஏ. 5, எம்.ஐ.யூ. 1.
இரண்டாமவர்: 870 யூரோ, எஃப்.எஃப்.ஏ. 9, எம்.ஐ.யூ. 2.5.

எம்.ஐ.யூ. ஒரு விழுக்காடு கூடினால் விலையில் ஒரு விழுக்காடு இழப்பு. எஃப்.எஃப்.ஏ. ஒரு விழுக்காடு கூடினால் உங்கள் ஆலையில் அரை விழுக்காடு இழப்பு என்று கொள்வோம். இரண்டாமவரிடம் எம்.ஐ.யூ. 1.5 அதிகம்: 13.05 யூரோ. எஃப்.எஃப்.ஏ. 4 அதிகம், அதாவது 2 விழுக்காடு: 17.40 யூரோ. மொத்தம் 30.45. ஆக உண்மை விலை 900.45. முப்பது யூரோ மலிவு என்று நினைத்தது முழுவதும் போய்விட்டது.

அந்த ‘அரை விழுக்காடு’ ஒவ்வோர் ஆலைக்கும் வேறு. உங்கள் சுத்திகரிப்பில் எவ்வளவு வீணாகிறது என்று அளந்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைத் தரம், தரம் குறைந்தால் விலையில் கழிக்கும் விகிதம், எந்த அளவைத் தாண்டினால் சரக்கையே மறுக்கலாம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். மறுக்கும் வரம்பை எழுதாமல் விடுவதால்தான் பெரும்பாலான தகராறுகள் வருகின்றன.

எஃப்.எஃப்.ஏ.வை நாமே சோதிக்க முடியுமா?

முடியும், கால் மணி நேர வேலை. கொழுப்பை முழுதும் உருக்கிக் கலக்குங்கள். உறைந்த மேற்பரப்பிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரி பொய் சொல்லும். 10 கிராம் எடைபோட்டு, நடுநிலையாக்கிய சூடான ஆல்கஹால் 50 மில்லிலிட்டர் ஊற்றி, நிறம் மாறிக் காட்டும் ஃபீனாப்தலீன் சில சொட்டு விடுங்கள். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகவிட்டு, இளஞ்சிவப்பு 30 விநாடி நிலைக்கும்போது நிறுத்துங்கள்.

எஃப்.எஃப்.ஏ. விழுக்காடு = 28.2 × மில்லிலிட்டர் × நார்மாலிட்டி ÷ கிராம்.

14.2 மில்லிலிட்டர் செலவானால்: 28.2 × 14.2 × 0.1 ÷ 10 = 4.0. சான்றில் ‘அமில மதிப்பு’ என்று இருந்தால் அது இதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பணம் இழந்தவர்கள் உண்டு.

கொழுப்பு கருத்திருந்தால் நிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. மாதிரி எடையைக் குறைத்து, ஆல்கஹாலைக் கூட்டுங்கள்.

வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது. கொழுப்பு தெளிவாகத்தானே இருந்தது?

பிளாஸ்டிக்காக இருக்கலாம். காதுப்பட்டை, பை, உறை எல்லாம் மூலப்பொருளோடு உருக்குகலனுக்குள் போகின்றன. பாலிஎத்திலீன் கொதிக்கும் கொழுப்பில் கரைந்துவிடும். சூடான மாதிரி பளிங்குபோலத் தெரியும். ஆறும்போது மெல்லிய சவ்வாகப் பிரிந்து வடிகட்டியிலும் வெப்பமாற்றித் தகடுகளிலும் படியும். ஒரு மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஆறவிட்டு, இன்னும் உருகிய நிலையிலேயே விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேகம்போல இழை மிதந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பி மில்லியனுக்கு எத்தனை பங்கு என்று கேளுங்கள். தீர்வு, வினைக்கு அனுப்பும் முன் சூட்டைக் குறைத்து, வடிகட்டு மண் சேர்த்து வடிப்பது. சோப்பில் இது வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

டேங்கரில் எவ்வளவு வரும்? எந்தச் சூட்டில் ஏற்ற வேண்டும்?

வழக்கமான லோடு 24, 25 டன். 60 டிகிரியில் ஒரு லிட்டர் சுமார் 0.89 கிலோ என்பதால், 25 டன்னுக்கு 28,000 லிட்டர் இடம் வேண்டும். மாட்டுக்கொழுப்பை ஏற்றி இறக்க 55 முதல் 65 டிகிரி, பன்றிக்கொழுப்புக்கு 50 முதல் 55.

உறைந்துபோனதை அவசரப்பட்டுச் சூடேற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சுருள் குழாயை ஒட்டிய கொழுப்பு கருகும், நிறம் போகும், நடுவில் கட்டி அப்படியே நிற்கும். பெரிய தொட்டியில் ஒரு நாளைக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். செம்பு, பித்தளை வால்வு வேண்டாம், கொழுப்பைச் சிக்கு வாடைக்குக் கொண்டுபோகும். அடியில் தேங்கும் தண்ணீரை வாரந்தோறும் வடித்துவிட்டால் எஃப்.எஃப்.ஏ. ஏறுவது பாதியாவது அடங்கும்.

தீவனக் கொழுப்பென்றால் டேங்கர் முன்பு எதை ஏற்றியது என்று கேளுங்கள். டச்சு வேர்களைக் கொண்ட ஜி.எம்.பி.+ என்ற தீவனப் பாதுகாப்புச் சான்று முறையில் கழுவுதல் நான்கு படி: உலர் சுத்தம், தண்ணீர், தண்ணீரோடு சோப்பு, கிருமிநீக்கம். முந்தைய சரக்குக்கு எந்தப் படி என்று பொதுப் பட்டியல் இருக்கிறது. கழுவிய சீட்டு இல்லாத டேங்கரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மாதிரி எப்படி எடுப்பது?

இறக்கும் குழாயிலிருந்து, இறக்கும் நேரம் முழுக்கச் சிறிது சிறிதாக. மேலிருந்து ஒரு கரண்டி மொண்டால் அடித்தண்ணீர் கணக்கில் வராது. கலந்து மூன்று பாட்டிலாக்கி முத்திரை வையுங்கள்: விற்றவருக்கு, வாங்கியவருக்கு, தகராறு வந்தால் நடுவர் ஆய்வகத்துக்கு. டிரைவர் கையெழுத்து அவசியம்.

என்னென்ன ஆவணங்கள் வர வேண்டும்?

வணிக ஆவணம்: வகை, எடை, அனுப்பியவர், பெறுபவர், இருவரின் அனுமதி எண்கள். குறைந்தது இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். கொள்கலனில் வண்ணச் சீட்டு: 1-ஆம் வகைக்குக் கறுப்பு, 2-க்கு மஞ்சள், 3-க்குப் பச்சை. 1-ஆம், 2-ஆம் வகைக் கொழுப்பு எல்லை தாண்டினால், பெறும் நாட்டின் அதிகாரம் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தின் டிரேசஸ் கணினி முறையிலும் பதிவாக வேண்டும். எரிபொருளுக்கென்றால் ஐ.எஸ்.சி.சி. போன்ற நிலைத்தன்மைச் சான்று லோடு லோடாக வர வேண்டும். அது பிறகு வரும் என்று சொன்னால் பணமும் பிறகுதான். அந்தக் காகிதம் இல்லாத 1-ஆம் வகைக் கொழுப்பு ஆலைக்கு வெறும் கொதிகலன் எரிபொருள்.

பண்ணையில் செத்த மாட்டின் கொழுப்பை விவசாயி விற்கலாமா?

கூடாது. தென்பகுதியில் சோன் ஊரிலுள்ள ரெண்டாக் ஆலைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து எடுத்துச்செல்வார்கள், அதற்கு விவசாயிதான் கட்டணம் கட்டுகிறார். 50 மில்லிமீட்டருக்குச் சிறிதாக அரைத்து, 133 டிகிரியில், 3 பார் அழுத்தத்தில், 20 நிமிடம் வைத்துக் கிருமிநீக்கம் செய்வதற்கே சட்டத்தில் 1-ஆம் செயல்முறை என்று பெயர்.

உண்ணத்தக்க மாட்டுக்கொழுப்பு வாங்க என்ன அளவுகோல்?

உயர்ந்த தரத்துக்கு எஃப்.எஃப்.ஏ. 0.75 விழுக்காட்டுக்குள், கெட்டுப்போனதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பு கிலோவுக்கு 4 மில்லிஈக்விவலென்டுக்குள், கரையாத அழுக்கு 0.15-க்குள். பச்சைக் கொழுப்பு 7 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும், அல்லது கிடைத்த நாள் முடிந்து 12 மணி நேரத்துக்குள் உருக்கியிருக்க வேண்டும். கசாப்புக்கடையில் பச்சையாக வாங்கி உருக்குபவர்கள் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பைக் கேளுங்கள். சதையொட்டிய கொழுப்பு மலிவுதான், ஆனால் தண்ணீரும் சக்கையும் போனபின் கையில் நிற்பது குறைவு. கொடுத்த பணத்தை உருகியதன் எடையால் வகுத்துப் பார்த்தால் உண்மை விலை தெரியும்.

வீட்டில் சோப்பு செய்பவர் எந்த வகை வாங்கலாம்?

உண்ணத்தக்கதை வாங்குங்கள், சிறிய அளவில் விலை வித்தியாசம் பெரிதல்ல. ஒரு கிலோ மாட்டுக்கொழுப்புக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு சுமார் 140 கிராம். தோலுக்கு இதமாக 5 விழுக்காடு குறைத்து 133 கிராம். விற்பனைக்கென்றால் அழகுப்பொருள் சட்டத்தின்படி பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும். 1-ஆம், 2-ஆம் வகையைத் தொடவே கூடாது.

டையாக்சின் சோதனைக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். தேவையா?

தீவனத்துக்கென்றால் கட்டாயம் கேளுங்கள். 1999-இல் அண்டை நாடான பெல்ஜியத்தில் பி.சி.பி. என்ற நச்சுத் தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்த எண்ணெய் தீவனக் கொழுப்புக்குள் புகுந்து, கோழி, முட்டை, பன்றி இறைச்சி எல்லாம் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. பண்ணைகள் அழிந்தன. 2010 முடிவில் ஜெர்மனியில் தொழிற்சாலைக்குரிய கொழுப்பமிலம் தீவனத்தில் கலந்தபின், 225/2012 ஒழுங்குமுறை கொழுப்புக் கலவை நிறுவனங்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷம் இது. ஆய்வு முடிவு வரும்வரை அந்தத் தொட்டியைத் திறக்காமல் வைக்க இடம் ஒதுக்குங்கள்.

ராட்டர்டாமிலிருந்து இந்தியாவுக்கு மாட்டுக்கொழுப்பு அனுப்பலாமா?

முடியாது. 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. விலங்குக் கொழுப்பு இந்தியாவின் இறக்குமதித் தடைப் பட்டியலில் இருக்கிறது. சோப்புக்கென்று சொல்லிக் கேட்கும் தரகர்களுக்கும் இதே பதில்தான்.